கோபுரத்துக்கு ஜோடி எது?

எதிரே இருப்பவர் வாயை மூடியிருந்தால் அவள் பேசமாட்டாள். வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே பஞ்சும் குழாயும் செருகி, பதில் சொல்ல வழியில்லாமல் மல்லாந்து கிடப்பவரிடம்தான் அவளுக்குப் பேச்சு வரும். பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு உதவியாகச் சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் பிடித்ததும் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் புறப்படும். நோயாளி எழுந்து கொப்பளித்துவிட்டு, "என்னமோ சொன்னீங்களே?" என்று கேட்டால், சுவரில் மாட்டியிருக்கும் பல் படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போல் பார்ப்பாள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. கால் வலித்ததுதான் மிச்சம். டீச்சர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் போவதையே நிறுத்திவிட்டாள்.

பேசுவதெல்லாம் அனிமே பற்றி. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு டிவி உண்டு. அதன் ரிமோட் தொலைந்தபோது ஓடிக்கொண்டிருந்தது அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள் வரும் சேனல். அதோடு சரி, டிவி அங்கேயே நின்றுவிட்டது. "பல்வலியோட வர்றவனுக்கு எந்தச் சேனலா இருந்தா என்ன?" என்று டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பைத்தியம் பிடித்துக்கொண்டது.

தொடர்களை ஜோடி ஜோடியாகத்தான் சிபாரிசு செய்வாள். ஒன்று பிடித்திருந்தால் இன்னொன்றும் பிடித்தே தீரும் என்பது கணக்கு. ஆனால் சண்டைக்குச் சண்டை, பேய்க்குப் பேய் என்று சேர்ப்பது சோம்பேறிகள் வேலை என்பது அவள் கட்சி. பூதங்களுக்கு ரொட்டி சுட்டு விற்கும் பெண்ணின் கதைக்கு, இரும்பு அரக்கர்கள் ஊரையே நொறுக்கும் கதையை ஜோடி சேர்ப்பாள். "ரெண்டுலயும் வீட்டுல எல்லாருக்கும் எல்லார் மேலயும் கோவம். ஆனா ஒருத்தரும் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட மாட்டாங்க. பாருங்க, புரியும்." பார்த்துத் தொலைத்தவர்களுக்குப் புரியவும் செய்தது.

டாக்டரம்மாவுக்கு இதில் ஒரு லாபம். வேர் சிகிச்சைக்குப் பலமுறை வரவேண்டும். வலி நின்றதும் ஆளும் நின்றுவிடுவார், பாதி தோண்டிய பல்லோடு ஊர் சுற்றுவார். இவள் முதல் தடவை ஜோடியில் ஒன்றை மட்டும் சொல்வாள். மற்றதை, பல்லுக்கு மூடி மாட்டும் கடைசி நாளன்றுதான் சொல்வாள். ஆட்கள் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்து மாட்டினார் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்து லிஃப்ட் வாரம் தவறாமல் நடுவில் நின்று உயிரை வாங்கும். அதைச் சரிசெய்ய வந்தவர், வீங்கிய கன்னத்தோடு படியேறி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். அவர் வாய் திறந்ததும் அவள் முதல் தொடரைச் சொன்னாள்: மேகத்துக்குள் போகும் ஒரு கோபுரம், அதில் தொலைந்துபோன அண்ணனைத் தேடி மாடி மாடியாக ஏறும் ஒரு தங்கை.

அடுத்த முறை வந்தவர் நாற்காலியில் சாய்வதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். "ஏன் சிஸ்டர், அவ்வளவு பெரிய கோபுரத்துல ஒரு லிஃப்ட் கூடவா வைக்கல? கட்டினவன் மனுஷனா அவன்? அந்தப் பொண்ணு முட்டி என்னத்துக்கு ஆவறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் பிழைத்தாள். பஞ்சை வைத்து அவர் வாயை அடைத்தபின், லிஃப்ட் இருந்தால் கதை முதல் நாளே முடிந்துவிடும் என்று விளக்கினாள். அவர் "ஆ... ஓ..." என்று வாதாடினார். திறந்த வாய்ப் பேச்சு அவளுக்கு அத்துப்படி. மெய்யெழுத்தே இல்லாமல் பேசினாலும் ஒரு சொல் தவறாமல் பிடித்துவிடுவாள். வந்தவர்களிலேயே இவர் ஒருவர்தான் குழாயை வைத்துக்கொண்டு திருப்பிச் சண்டைபோட்டவர்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "கல்யாணம் ஆனவரா?"

"தெரியாது."

"கேட்டியா?"

"நான்தாம்மா பேசுவேன். அவர் வாயில குழாய் இருக்கும்."

"குழாயை எடுத்துட்டுக் கேளுடி!"

அங்கேதான் சிக்கல். மூடி மாட்டிவிட்டால் அவர் வரமாட்டார். வெளியே பார்த்தால் வாய் மூடியிருக்கும், இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசி நாளன்று ஜோடியைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயந்து, அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடி மாட்டி, அவரை எழுப்பி உட்காரவும் வைத்தாயிற்று.

"சிஸ்டர், கோபுரத்துக்கு ஜோடி எது? சொல்லவே இல்லையே."

அவர் முகத்துக்கு நேராக முகம். பதிலுக்காக மூடிய வாய். அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். மனசுக்குள் ஆயிரம் இருந்தது. வெளியே வந்தது ஒன்றுதான்.

"துப்புங்க."

அவர் பணிவாகத் துப்பிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உலகத்துல வேற வார்த்தையே இல்லையாடி உனக்கு?"

அந்த வாரம் லிஃப்ட் பழுதாகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. இவ்வளவு நன்றாகவா ஒரு மனிதர் வேலை பார்ப்பார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. லிஃப்ட் பட்டன்களைத் தேவைக்கு மேல் பலமாக அழுத்திப் பார்த்தாள். அது சமர்த்தாக ஏறி இறங்கியது.

பிறகு ஒரு மத்தியானம் அவரே வந்தார். வலி என்றார். எந்தப் பல் என்று கேட்டதற்கு, எல்லாம் என்றார். டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு நீங்க கல்லைக் கடிக்கலாம். வலி எங்கே?"

பஞ்சு இல்லை, குழாய் இல்லை, அவர் வாயை மட்டும் நன்றாகப் பிளந்துகொண்டு அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"நான் டீ குடிக்கப் போறேன். இந்த மனுஷன்கிட்ட, உன்னை சிஸ்டர்னு கூப்பிடறதை நிறுத்தச் சொல்லு."

அவள் பழக்கத்துக்குக் குழாயை எடுத்துக்கொண்டாள். ஸ்விட்ச் போடவில்லை.

"கோபுரத்துக்கு ஜோடி, கடலுக்கு அடியில தபால் கொடுக்கற பொண்ணு கதை. அது மேல போகும், இது கீழ போகும். ரெண்டுலயும்..." என்று நிறுத்தினாள். காது சுட்டது. "ரெண்டுலயும் கடைசி வரைக்கும் யாரும் மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நமக்குத்தான் பொறுக்காது."

"ஏ... உ... ஆ... அ... ஆ... ஆ?" என்றார் அவர், திறந்த வாயை மூடாமல்.

அவள் குழாயை மெதுவாக வைத்தாள்.

"என்னடி சொல்றாரு?" வெளியிலிருந்து டாக்டரம்மா.

"சேர்ந்து பாக்கலாமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொல்ற?"

"வாயை மூடச் சொல்லுங்க டாக்டர். ஈ போயிடப்போகுது." அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மூடிய வாயைப் பார்த்தே, "பாக்கலாம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. காத்திருக்கும் அறை டிவிக்கு இன்னும் ரிமோட் வாங்கவில்லை. வீட்டில் சண்டை வந்து அவள் பேச்சை நிறுத்தினால், அவர் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறார். கோபுரத்தில் லிஃப்ட் வைக்காதவனை அவர் மன்னிக்கவில்லை. கடல் தபால் தொடரைப் பாதிவரைதான் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் அவர் தூங்கிவிடுகிறார், வாயைத் திறந்துகொண்டு. மீதிக் கதையை அவள் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.