உம்மாவின் மணியில் விழுந்த சில்லு

என் தங்கை புருஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது தேக்காவில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் எங்கள் கடைசல் பட்டறை இருந்தது. அந்த மச்சான் தோல்வாரை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டையைச் சுழற்றுவான், நான் உளி பிடிப்பேன். எருமைக் கொம்பில் கத்திப்பிடியும் குடைப்பிடியும் கடைவோம். கொம்பு நல்ல பிள்ளை. முரட்டுத்தனத்தையும் தாங்கும், அவசரத்தையும் பொறுக்கும். அதனாலேயே மச்சான் கெட்டுப்போனான்.

உம்மா ஹஜ்ஜுக்குக் கப்பலேற இருந்த வருஷம், அரபுத் தெருவில் சீமையிலிருந்து வந்த பிசின் கட்டை ஒன்று வாங்கினேன். உருக்கி வார்த்தது, மாதுளை முத்து நிறம். அதில் அல்லாஹ் பேரைச் சொல்லி எண்ண ஒரு தஸ்பீஹ் மாலை கடைந்து உம்மா கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த நாளில் எனக்கு வேறு ஆசையே இல்லை. உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, மணியை விரலால்தான் பார்ப்பார். ஒரு மணியில்கூடப் பிசிறு இருக்கக் கூடாது.

பிசின் கொம்பைப் போல இல்லை. கொஞ்சம் அழுத்தினால் முறுக்கு மாதிரி மொறுக்கென்று உடைந்துபோகும். உளியைத் தீட்டித் தீட்டி, சீவல் நூலாகச் சுருண்டு வரும்படி மெல்ல எடுக்க வேண்டும். கட்டை பின்பக்கம் சுழலும்போது உளியைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு உதிரும். "மெதுவா இழு, மெதுவா இழு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

"என்ன மச்சான், தொட்டில் ஆட்டவா வந்தேன்?" என்பான் அவன்.

அப்படியும் மணிகள் முழுசாக வந்தன. துளை மட்டும்தான் பாக்கி. பிசினில் பாதித் துளையை ஒரு பக்கமாகவும், திருப்பிப் போட்டு மீதியை மறுபக்கமாகவும் போட வேண்டும். "துளை நான் போடுறேன், நீ கை வைக்காதே" என்று சொல்லிவிட்டு உம்மாவின் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் மாலை கோத்தாயிற்று. குஞ்சம்கூடக் கட்டியாயிற்று. மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொம்பைத் துளைக்கிற மாதிரி எல்லா மணியையும் ஒரே மூச்சில் துளைத்திருந்தான். துரப்பணத்தின் முனை வெளியே வந்த பக்கமெல்லாம் சில்லு தெறித்திருந்தது. சீவி எடுக்கலாமென்றால் மணி பருப்பளவுக்கு வந்துவிடும். அதுகூடப் போகட்டும். சில்லுப் பட்ட பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி கோத்து மறைத்திருந்தான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

"கண்ணுக்குத் தெரியாது லா, மச்சான்."

"உம்மா கண்ணாலயாடா எண்ணப் போறாங்க?" என்று கத்தினேன். கையிலிருந்த பூட்டை வீசினேன். அவன் குனிந்துகொண்டான், பூட்டு சுவரில் பட்டது. கட்டையும் மீதமில்லை, கப்பலுக்கு நாளும் இல்லை. அந்த மாலையையே உம்மாவிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தபந்தத்திடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டில் மனஸ்தாபம் எதையும் விட்டுவைக்காமல் புறப்படுவது எங்கள் வழக்கம். தஞ்சோங் பகார் துறையில் உம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டார். பிறகு என் கையையும் மச்சான் கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"பொறுத்துட்டேன்னு சொல்லுடா."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தப் பயணத்துக்குப் பொய் சொல்லியா வழியனுப்புவது?

உம்மா மாலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "எனக்கு விரல் இருக்கு, அதுல எண்ணிக்கிறேன். இத நீ வச்சுக்க. நான் வர்றதுக்குள்ள ஒரு சுத்தாவது இவனத் திட்டாம எண்ணி முடி."

எண்ணத்தான் செய்தேன். ஒவ்வொரு மணியைத் தள்ளும்போதும் கட்டைவிரல் சில்லில் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் மச்சான் என்னிடம் வசவு வாங்கினான்.

மாதங்கள் கழித்து உம்மா கப்பலிலிருந்து இறங்கினார். சலாமுக்குப் பதில் சொன்ன கையோடு கேட்டார்: "முடிச்சியா?"

"இல்லம்மா."

உம்மா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த புனித ஜம்ஜம் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார். தான் பெற்ற மகன் பக்கத்தில் நிற்க, முதல் வாயை மச்சானுக்கு ஊற்றினார். அவன் குடித்துவிட்டுப் பல்லைக் காட்டினான். அடுத்தது எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அது தொண்டையில் இறங்கும்போதும் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.