ட்யூப் ஆம்ப் வாங்கியவன்

என் கிதாரின் சத்தம் எனக்கே குமட்டும். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. தகர டப்பாவுக்குள் குளவியை அடைத்துக் குலுக்கியது போல இருக்கும். இத்தனைக்கும் என்னிடம் இருப்பது ஏனோதானோ பெட்டி இல்லை. உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறி ஒளிரும் அசல் ட்யூப் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் மாதக்கணக்கில் நச்சரித்து வாங்கியது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இந்த வகை ஆம்ப்பில் வால்யூமைப் பாதிக்கு மேல் திறந்துவிட்டால்தான் குழல்கள் விழித்துக்கொண்டு வேலை செய்யும். நானோ பெங்களூர் பிரேசர் டவுனில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறேன். வால்யூம் இரண்டைத் தாண்டினால் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "சொல்ப கம்மி மாடி சார்" என்று கன்னடத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். சண்டைக்காரராக இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவர் கும்பிடாத குறையாகக் கேட்பார், அதுதான் எரிச்சல்.

ஆகவே ஆம்ப்பை ஒன்றில் வைத்துவிட்டு, காலடியில் கிடக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நம்பினேன். சத்தத்தைக் கரகரக்க வைக்கும் கெயின் முழுசாக. அடித்தொனியான பாஸ் முழுசாக. நடுத்தொனியான மிட் பூஜ்யம். படுக்கையறைக்குள் அப்போது என் காதுக்கு அது பிரமாதமாகக் கேட்டது. அந்த இடம் தவறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு குமிழிலும் மனைவியின் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன். "இதுக்கு நம்ம மிக்ஸியே தேவல, சட்னியாவது குடுக்கும்" என்றாள் அவள். எந்த நாட்டுக் குழல் உசத்தி என்று இணையத்தில் அடித்துக்கொள்பவர்களின் சண்டையை அப்போது படித்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்த நேரத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

எனக்கு டிரம்ஸ் வாசிக்க ஒரே ஒரு நண்பன். இருவரும் கோலார் தங்கவயல், அதாவது கே.ஜி.எஃப்.காரர்கள். இரண்டு அப்பாக்களும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடுவீடாகப் போன கூட்டத்தில்தான் நான் கிதாரையும் அவன் டிரம்ஸையும் பிடித்தோம். நான் பெங்களூருக்குக் குடிவந்துவிட்டேன். அவன் அங்கேயே இருந்துகொண்டு தினமும் விடியற்காலை ரயிலில் இங்கே ஃபேக்டரி வேலைக்கு வந்து போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் மறுபடி ரயிலேறி என்னோடு வாசிக்க வருவான். பதினைந்து வருடத்தில் நாங்கள் சொந்தமாகப் போட்டது ஒரே பாட்டு. சுரங்கம் மூடிய பிறகும் ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து உட்காரும் அவன் அப்பாவைப் பற்றியது. வரிகள் அவனுடையவை, பாடுவதும் அவன்தான். அப்பாவுக்குப் பாடிக் காட்ட மட்டும் வெட்கம்.

போன வருடம் அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புதன்கிழமை விமானம். "அதுக்குள்ள பாட்ட ரெக்கார்டு பண்ணிடலாம்டா. அப்பாகிட்ட போட்டுக் காட்டிட்டுப் போயிடறன். அவருக்கும் வயசாவுது" என்றான். ஞாயிறு பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஜாம் பேட் எடுத்தோம். வாடகைக்கு விடும் ஒலி தடுத்த அறையை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்.

ஆம்ப்பை மாட்டினேன். குமிழ்களைப் புள்ளிக்கு நேராக வைத்தேன். வால்யூமை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். முழுப்பாட்டும் வாசித்தோம். ஃபோனில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் டிரம்ஸ் இருந்தது, அவன் குரல் இருந்தது, கிதாரைக் காணவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்ஸ்' என்று ஓர் அருவருப்பான இரைச்சல்.

ஜாம் பேட் நடத்துகிறவர் எட்டிப் பார்த்து, "சார், மிட்ட ஏத்துங்க, கெயின கம்மி பண்ணுங்க. ஆம்ப்பத் தொறந்து வுடுங்க, இங்க யாரு கேக்கப் போறாங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கீழ்த்தொனியை டிரம்ஸ், மேல்தொனியை சிம்பல் தட்டுகள் என்று பிடித்துக்கொண்டால் கிதாருக்கு மிஞ்சுவது நடுவில் உள்ள இடம்தான். அதைத்தான் நான் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். ஆனால் மாதக்கணக்கில் காதைத் தீட்டி வைத்த புள்ளிகளை யாரோ ஒருவர் வந்து மாற்றச் சொன்னால் விடுவேனா. அவர் போனதும் ஆம்ப்பிலும் கெயினை ஏற்றினேன். கிதார் இன்னும் ஆழமாகப் புதைந்தது.

பெடலின் பேட்டரியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஆம்ப்பை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இழுத்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் கீது. ஒரு வாட்டி அடிச்சிட்டுப் போலாம்டா."

"இரு. கேவலமா இருக்குது."

"எங்கப்பாவுக்கு இன்னாடா தெரியும் டோனு கீனெல்லாம். பாட்டு கேட்டா போதும் அவருக்கு."

"இருன்றேன் இல்ல."

மூன்று மணிக்கு அடுத்த கோஷ்டி கதவைத் தட்டியது. அவன் குச்சிகளைப் பையில் போட்டு, "சரி உடு, லீவுல வரும்போது பாத்துக்கலாம்" என்றான். ஆம்ப்பை அங்கேயே விட்டுவிட்டு அவனை வண்டியில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கினேன். வழியெல்லாம் சூட்கேஸ் எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

முதல் தடவை கேட்டுவிட்டு மறுபடி பதிய வைத்த ஃபோன், மூன்று மணி வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை மெட்ரோவில் நின்றபடி கேட்டேன். பெரும்பாலும் நான் கார்டு என்கிற ஒரே சுரக்கூட்டை அடித்துவிட்டு உச்சுக்கொட்டும் சத்தம். பாதி தாண்டியதும் ஓரிடம். கேபிள் பழுதா என்று பார்க்க, பெடலைக் கழற்றிவிட்டு கிதாரை நேராக ஆம்ப்பில் செருகி, வால்யூமை முழுக்கத் திருப்பியிருக்கிறேன். ஒரு கார்டு. கனமாக, தெளிவாக, லேசான கரகரப்போடு. இரண்டு வருடமாகத் தேடிய சத்தம் அது. பிசகு பார்க்கிற மும்முரத்தில் என் காதில் ஏறவே இல்லை. அவன் காதில் ஏறியிருக்கிறது. உடனே டிரம்ஸில் இறங்கிப் பாட ஆரம்பித்துவிட்டான், என் கையும் பழக்கத்தில் கூடவே போயிருக்கிறது. நாலு வரி. நாலாவது வரி முடிவதற்குள் என் குரல்: "டேய், நிறுத்து நிறுத்து, இன்னும் பெடல் போடல."

அந்த நாலு வரியை மட்டும் வெட்டி அவனுக்கு அனுப்பினேன். என் குரலை நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசி வார்த்தையின் மேலேயே ஏறி நிற்கிறது. அந்த வார்த்தை 'அப்பா'.

செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து பதில் வந்தது. "போட்டுக் காட்டினேன். ரெண்டு வாட்டி கேட்டாரு. யார்ரா அவன், நடுவுல நிறுத்தச் சொல்றவன்னு கேட்டாரு."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டு எழுத எனக்கு இன்றுவரை கை வரவில்லை.