எல்லம்மாள் வாசலில் கல்தொட்டி

படாளத்தைத் தாண்டி உள்ளே போனால், காப்புக்காட்டை ஒட்டிய தெருவில் கடைசி இரண்டும் அண்ணன் தம்பி வீடுகள். அண்ணன் கோதண்டராமனின் பெண்சாதி எல்லம்மாள். தம்பியின் பெண்சாதி வச்சலா. இந்த வச்சலா யாரென்றால், எல்லம்மாளுடைய தாய்மாமன் பேத்தி. எல்லம்மாளே முன்னால் நின்று கொழுந்தனுக்குக் கட்டிவைத்த பெண். கடைசியில் அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லம்மாள் சுபாவம் அப்படி. பால் சொசைட்டியில் அளவுக் குவளையைத் திருப்பிப் பார்ப்பாள். கோயில் பொங்கலையும் மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள்.

போன தை மாதம் மாட்டை விற்றார்கள். முட்டிவலியோடு அவளால் சாணி அள்ள முடியவில்லை. கொட்டகையைப் பிரித்ததும் வாசல் வெறிச்சென்று ஆகிவிட்டது. மேலே கவிந்த மாமரம், உச்சிப்பொழுதிலும் நிழல்தான். நாவலூரில் வேலை பார்க்கும் மருமகள் தேவிப்பிரியா நிழலுக்குத் தோதான செடிகளாகப் பார்த்து வாங்கி வந்தாள். கனகாம்பரம், குரோட்டன்ஸ், ஒரு வெற்றிலைக் கொடி. ஓரத்தில் கொஞ்சம் வெயில் விழும் இடத்தில் செம்பருத்தி. மாடு தண்ணி குடித்த கல்தொட்டியை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

பத்தே நாள். காலையில் வாசல் தெளிக்க வந்த எல்லம்மாள் செம்பருத்தி மொட்டையாக நிற்பதைப் பார்த்தாள். ஈர மண்ணில் பிளந்த குளம்படி. தொட்டியில் முந்தின நாள் கழனித்தண்ணி ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டிலோ நாலு ஆடு. இதற்குமேல் சாட்சி எதற்கு?

ஏரி வறண்டுபோச்சு, மானாக இருக்கும் என்றார் கோதண்டராமன்.

"மானுக்கு வாசல்ல இன்னாய்யா வேல? டியூப்லைட்டு எரியுது, தெருவுல நாயி சுத்திகினு கீது. அது கொல்லையில வேர்க்கடலைக்கு வரும். வூடு தேடி வர்றது வச்சலா ஆடுதான். அவதான் அவுத்து உடறா."

கீழே கிடந்த புழுக்கையைக் காகிதத்தில் பொறுக்கி, ஆட்டுப் புழுக்கையோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோலத்தான் தெரிந்தது, அப்படித் தெரியவேண்டும் என்று பார்த்தாள் அல்லவா? அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

வைகாசியில் வச்சலா மகள் தமிழரசிக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் பந்தக்காலுக்கு முதல் மஞ்சள் பூசுவது மூத்த மருமகள் கைதான். தமிழரசியை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அதே கைதான். அந்த எல்லம்மாள் தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள், அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று.

கல்யாணச் செலவுக்கு ஆடு நாலும் மதுராந்தகத்து வியாபாரியோடு போயின. எல்லம்மாள் நிம்மதியாகப் புதுச் செம்பருத்தி நட்டாள். மூன்றாம் நாள் அதுவும் மொட்டை. அப்போதாவது யோசித்தாளா? நுனி வெட்டுப்படாமல் பிய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கத்தி எடுத்தால் தெரியும் என்று கையாலேயே பிய்த்திருக்கிறாள் என்றாள். தொட்டித் தண்ணியையும் வச்சலாதான் மொண்டுகொண்டு போகிறாளாம். மாடில்லாத வீட்டில் அதை என்ன செய்வாள் என்று கேட்டதற்குக் கோதண்டராமனுக்கு அன்று மோர் கிடைக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் வச்சலாவும் அவள் புருஷனும் தட்டோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். எல்லம்மாள் கை நீட்டவில்லை. வேலை கிடக்கிறது என்று கழனித்தண்ணிக் குண்டானைத் தூக்கிப்போய், தொட்டியில் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். தட்டு வச்சலா மடியிலேயே இருந்தது.

வெளிச்சம் மங்கியது. கிரில் கதவுக்கு வெளியே சருகு சத்தம். புள்ளிமான் இரண்டு, கூடவே ஒரு குட்டி. பழகின வீடுபோல நேரே தொட்டிக்கு வந்து குடித்தன. குடித்து முடித்த ஒன்று கழுத்தை நீட்டிச் செம்பருத்தித் துளிரை வாயால் இழுத்துப் பிய்த்தது.

வச்சலா மெதுவாகக் கேட்டாள். "யக்கா, மாடு வித்து நாலு மாசம் ஆவுது. தெனம் யாருக்கு ஊத்திகினு கீற?"

எல்லம்மாள் தன் கையைப் பார்த்தாள். உப்பு இன்னும் ஒட்டியிருந்தது. முப்பது வருஷமாக மாட்டுக்குச் செய்த கை, மாடு போனதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"உப்பு வேற போட்டு விருந்து வெக்கிறா," என்றார் கோதண்டராமன்.

"அந்தக் குட்டி பார்வையே சரியில்ல," என்றாள் எல்லம்மாள். வச்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணியும்தான். எல்லம்மாள் தட்டுக்குக் கை நீட்டினாள். வாங்கியதும் பத்திரிகையைப் பிரித்து, தன் புருஷன் பேர் முதலில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். இருந்தது.

"பந்தக்கால் எத்தினி மணிக்குடி?"

மறுநாளே தொட்டியில் மண் ரொப்பி மஞ்சளும் கற்பூரவல்லியும் நட்டாள். கழனித்தண்ணி இப்போது காட்டோரக் குட்டைக்குப் போகிறது. மஞ்சள், கற்பூரவல்லி வாசனைக்கு மான் வாய் வைக்காது என்று தேவிப்பிரியா போனில் சொன்னாள். எல்லம்மாள் அதை நம்பவில்லை. தினம் காலையில் இலைகளை எண்ணிப் பார்க்கிறாள்.