மணப்பெண்ணை வெளியே அனுப்பிய வைவா

சென்ற வருடம், பெங்களூரு விவேக் நகரில், சர்ச் திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. நான் செல்போன் நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையில் இருந்துகொண்டே படிக்கிற தொலைத்தொடர்பு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு, பரீட்சை, எல்லாமே ஆன்லைன். மகள் பிறந்தபோது ஒருமுறை பாதியில் நிறுத்தி, மறுபடி சேர்ந்த படிப்பு. வார இறுதி தோறும் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பார்க்குக்குக் கூட்டிப்போனது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். அன்று பதினொரு மணிக்குக் கடைசி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தவறினால் அடுத்த பேட்ச்சோடுதான். இன்னும் ஒரு வருடம் என்று அந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

பத்தரைக்கு இன்டர்நெட் போனது. பந்தல் சாமான் ஏற்றிவந்த லாரி, தெருவின் குறுக்கே தொங்கிய கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டது. சரி, செல்போனில் பார்க்கலாம் என்றால் சிக்னல் கோடு மட்டும் ஜம்மென்று நிற்கிறது, ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. சர்ச்சுக்கு வந்த அத்தனை பேரும் அதே டவரில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதில் கூத்து என்னவென்றால், என் ப்ராஜெக்ட்டே அதுதான்: கூட்டம் கூடும் இடத்தில் நெட்வொர்க்கை எப்படிச் சமாளிப்பது!

"உன் ப்ராஜெக்ட் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் வீட்டுக்காரர். லேப்டாப்பை அவர் தலையில் போட்டிருப்பேன். வைவாவுக்கு வேண்டுமே என்று விட்டேன்.

அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். எதிர்ப்புறம் மாடியில் ஒரு பியூட்டி பார்லர். அங்கே வேறு கம்பெனி லைன் என்று கம்பத்திலிருந்து போகிற ஒயரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதுவரை அந்தப் படியில் நான் கால் வைத்ததே இல்லை.

"இன்னாம்மா, பேயறஞ்ச மாதிரி வர்ற?" என்றார் பார்லர்க்கார அக்கா. கோலார் தங்கவயல் பேச்சு. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண். பிற்பகலில் காக்ஸ் டவுன் பக்கம் கல்யாணம். ஒரு கண்ணுக்கு மை தீட்டியாகிவிட்டது, இன்னொரு கண் வெறுமனே இருந்தது. தலை முழுக்க முடி சுருட்டும் ரோலர். பக்கத்தில் அவள் சித்தி.

"வைஃபைதானே, ஓரமா ஒக்காந்து பேசு," என்றார் அக்கா. சிக்கலே அங்கேதான். எங்கள் வைவாவில் ஒரு சட்டம் உண்டு. ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பைச் சுற்றிக் காட்ட வேண்டும், அறையில் ஈ காக்கா இருக்கக்கூடாது. சத்தம் போடாமல் மூலையில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றாள் அந்தப் பெண். ஆனால் பார்லரில் நாலு சுவரும் கண்ணாடி. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நாலு பக்கமும் மணப்பெண்தான் தெரிவாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டாங்க, நான் போறேன் என்று திரும்பினேன்.

"நில்லுங்கக்கா," என்றவள், துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏய், கல்யாணப் பொண்ணு தெருவுல நிப்பியா? நேரம் வேற ஆகுதுடி," என்று சித்தி குதித்தார்.

"நான் போகாம அங்க கல்யாணம் நடந்துடுமா சித்தி? இவங்க இல்லாமயே பரீட்சை முடிஞ்சிடும். வா."

அவ்வளவுதான். மூன்று பேரும் வெளியே போய்விட்டார்கள்.

லேப்டாப்பைச் சுற்றிக் காட்டினேன். எல்லாக் கண்ணாடியிலும் நான் மட்டும்தான், பேயறைந்த மாதிரியே. தேர்வாளர் சிரித்துவிட்டு, ஆள் இல்லை என்று இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை என்றார். கேள்விகள் ஓடின. நடுவில் ஒன்று: எல்லோரும் ஒரே நேரத்தில் லைன் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பாய்? எதேச்சையாகக் கண் கதவுப் பக்கம் போனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாடிப்படியின் மேல்தட்டில், அக்கா யாரையும் உள்ளே விடாமல் கையை விரித்து நிற்கிறார். அந்தப் பெண் ரோலர் தலையோடு வெயிலில் நிற்கிறாள். போகிற வருகிற கூட்டமெல்லாம் அவளை அண்ணாந்து பார்க்கிறது. அவ்வளவு குதித்த சித்தி, மேக்கப் கரையாமல் இருக்க முந்தானையை அவள் முகத்துக்கு மேலே பிடித்திருக்கிறார். அவசரம் உள்ளவருக்கு முதலில், காத்திருக்க முடிந்தவருக்குப் பிறகு என்று படித்ததைச் சொல்லி முடித்தேன்.

கதவைத் திறந்ததும், "பாஸாக்கா?" என்றாள் அவள்.

"ரிசல்ட் வர நாளாகும்மா."

"அய்யோ, இம்மாம் நேரம் வெயில்ல நின்னிருக்கேன், நீங்க பாஸாகியே தீரணும்!"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, அவள் புடவைக்கு உட்கார்ந்து கொசுவம் பிடித்தேன். மறு கண்ணுக்கும் மை ஏறி, நேரத்துக்கு முன்பே வண்டி ஏறிவிட்டாள். அவசரத்தில் பேர்கூடக் கேட்கவில்லை.

பாஸாகிவிட்டேன். சான்றிதழை முதலில் பார்லர்க்கார அக்காவிடம்தான் காட்டினேன். இப்போதும் ஆபீஸில் ஏதாவது ஒரு டவரில் கூட்டம் நெரிந்து, யாருக்கு லைன், யாருக்கு இல்லை என்று நான் முடிவெடுக்கிற நேரங்களில் அந்தப் பெண் நினைவுக்கு வருவாள். தன் அவசரத்தை ஓரமாக வைத்துவிட்டு, தானாக விலகி இன்னொருவருக்கு வழிவிடும் ஃபோன் ஒன்றை எந்த டவரிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.