வாசலில் இரண்டு சோடி

பாங்கொக்கில் நாங்கள் இருந்த அறையின் வாசலில் இரண்டு சோடிச் செருப்புகள்தான் கிடக்கலாம். அம்மாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. மாமாவின் செருப்பைக் கடதாசியில் சுற்றிக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, ஒன்பது வயதில் எனக்குத் தரப்பட்டிருந்த உத்தியோகம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். இரண்டு வருடம் படிப்பிக்கவென்று அவள் அதே நாட்டிலுள்ள சியாங் மாய்க்குப் போய் ஒரு மாதமாகிறது. போன கிழமை நான் வேலைக்குப் போகும் வழியில், மொன்றியலின் அக்காடி மெட்ரோ நிலையத்தில் நிற்கும்போது, அவள் தன் புது வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பினாள். கதவுக்கு வெளியே ஏழு சோடிச் செருப்புகள். நான் எண்ணினேன். உடனே அழைத்து, எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன்.

"அம்மா, பிரெண்ட்ஸ் சாப்பிட வந்திருக்கினம். எனக்கு வீசா இருக்கு. செருப்பு எண்ண ஒருத்தரும் வரமாட்டினம்."

என்னை ஆற்றுவதற்காக, அங்கே நெடுநாள் தங்குபவர்களுக்கென்று யாரோ எழுதிய ஆலோசனைகளை வாசித்துக் காட்டினாள். தொண்ணூறு நாளுக்கொருமுறை விலாசத்தைப் பதிய வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி எப்போதும் கையில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. யாரிடமும் குரலை உயர்த்தக்கூடாது. எல்லாமே நல்ல ஆலோசனைகள்தான். ஆனாலும் இரண்டு ரயில்களைப் போகவிட்டு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஆலோசனை தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா முன்னரே மொன்றியல் வந்து, துறைமுகத்தருகே ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பும் பத்திரங்களுக்காக நாங்கள் காத்திருந்தோம். அம்மாவுக்கும் எனக்கும் வீசா இருந்தது. மாமாவின் வீசா முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. பிடிபட்டால் மறியலில் அடைப்பார்கள், பிறகு ஊருக்கு விமானம். ஊரில் என்ன நடக்கும் என்பதை யாரும் என் முன்னால் பேசுவதில்லை.

பேருந்தில் தமிழில் சத்தமாகக் கதைக்காதே, தேசிய கீதம் கேட்டால் அசையாமல் நில், பெரியவர்களைக் கண்டால் நீ முதலில் கைகூப்பு என்பார் மாமா. எல்லாவற்றுக்கும் மேலாகச் செருப்பு.

"செருப்பு கதைக்கும், பிள்ளை. கதவைத் தட்ட முதல் அவங்கள் அதைத்தான் எண்ணுவாங்கள்."

யாராவது தட்டினால் அம்மா கதவைத் திறப்பார், அந்த நாட்டு மொழியில் நான் பதில் சொல்வேன், மாமா இருக்கமாட்டார். எங்கே போவார் என்று கேட்டதற்கு, தெரியாவிட்டால்தான் நான் சொல்லமாட்டேன் என்றார். தெருவில் எல்லோரோடும் வாயடித்துத்தான் அந்த மொழியைப் பழகியிருந்தேன். ஆகவே அது நியாயமான முன்னெச்சரிக்கை.

பக்கத்து அறையில் ஒரு தையல்காரி இருந்தார். அவர் பல்கனிக்கும் எங்களுடையதற்கும் நடுவே இடுப்பளவு சுவர். அம்மா மிளகாய் வறுத்தால் சுவரில் இடிப்பார். நான் கைகூப்பினால் வாயில் குண்டூசிகளோடு தலையை மட்டும் அசைப்பார்.

ஒரு மழைநாள் மாமா வாய்க்கால் தண்ணீருக்குள் நடந்து வந்தார். செருப்பு நாறியது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, காற்றுப் படட்டும் என்று வாசலில் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரந்தானே.

அரை மணித்தியாலத்தில் கதவு தட்டப்பட்டது. குடிவரவு அதிகாரிகள் இருவர். திரும்பிப் பார்த்தேன். பாயில் மாமாவின் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது, மாமா இல்லை. அம்மா அந்தக் கோப்பையை எடுத்துத் தான் குடிப்பதுபோல் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கடவுச்சீட்டுகளை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒருவர் பேனாவால் வாசலைக் காட்டி, மூன்றாவது சோடி யாருடையது என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி வந்தார். என்ன சத்தம் என்று அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். மாமாவின் செருப்புக்குள் கால்களை நுழைத்து, டப்புட் டப்பென்று படியிறங்கிப் போனார். அவர் குதிக்கால் செருப்பின் பாதிக்குத்தான் வந்தது. அதிகாரிகள் ஏதோ எழுதிக்கொண்டு, மறுபடி வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

"அம்மா, அவ மாமான்ரை செருப்பைக் களவெடுத்துக்கொண்டு போறா."

அம்மா என் வாயைப் பொத்தினார்.

ஒரு மணித்தியாலத்தின் பின் மாமா வெறுங்காலோடு வந்தார். யாரும் என்னை ஏசவில்லை. என் பிழையைவிடக் களவு பெரிது என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நானே போய் மரியாதையாகக் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன்.

"விடு பிள்ளை. அவவுக்கு அளவாயிருக்குப் போல," என்றார் மாமா. அம்மா சிரித்தார், பிறகு அழுதார்.

அன்றிலிருந்து தையல்காரி அந்தச் செருப்பைத்தான் போட்டார், என் கண் முன்னாலேயே, ஒவ்வொரு நாளும். நான் கைகூப்புவதை நிறுத்தினேன். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன். அம்மா மிளகாய் வறுப்பதையும் விட்டுவிட்டார். செருப்பை எடுத்தது போதாதென்று எங்கள் சம்பலையும் பறித்துவிட்டார் என்று அதையும் தையல்காரியின் தலையில் போட்டேன்.

மாமா இப்போது மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறார். அந்த ஒரு மணித்தியாலமும் தையல்காரியின் துணிக் குவியலுக்குப் பின்னால் இருந்ததை, என் கலியாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். கேட்காமல் சுவர் ஏறிக் குதித்தாராம். தையல்காரி கத்தவில்லையாம். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு எழும்பிப் போனாராம். அதிகாரிகள் திரும்பி வரும்போதும் செருப்பு தன் காலில் இருக்க வேண்டும் என்று பிறகு சைகையால் சொன்னாராம்.

அப்பாவின் பத்திரங்கள் வந்து நாங்கள் புறப்பட்ட நாளில் மாமா அந்தக் கட்டடத்தில் இல்லை, வேறு இடம் மாறியிருந்தார். தையல்காரி வாசலில் நின்று ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினார். உள்ளே மாமாவின் செருப்பு. கழுவி, அறுந்த வாரைத் தடித்த நூலால் தைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பெரியவர்கள் முதலில் கைகூப்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். கள்ளிக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் கைகூப்பவில்லை. பையை வாங்கித் திறந்து, இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.