சிங்க முகம் போட்ட பக்கிள்

அறுபதுகளில் ஒரு நல்ல பெல்ட் பக்கிளைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். புடவை கட்டுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். கல்யாணமாகிச் சிதம்பரத்துக்குக் குடிவந்த மூன்றே மாதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் கணவர் ஆபீஸில் குமாஸ்தா. தினமும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போகிறவர். அவருடைய பக்கிளில் முலாம் உரிந்து, வெள்ளைச் சட்டையில் பச்சைக் கறை பிடிக்கும். நான் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பேன். ஒருநாள் அதன் நடு ஊசியும் உடைந்துபோனது.

கீழ வீதி, மேல வீதி என்று கடை கடையாக ஏறிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"ஒண்ணுல கழுகு, ஒண்ணுல குதிரை. ஆபீஸ் போறவன் வயித்துல எதுக்கு மிருகக்காட்சி சாலை? சும்மா சதுரமா, சின்னதா ஒண்ணு பண்ண மாட்டானுவளா?"

அவர் கேட்டது நியாயம்தான். புதிது கிடைக்கும்வரை சேஃப்டி பின்னைக் குத்திக்கொண்டு ஆபீஸ் போனார். எனக்குப் பாவமாக இருந்தது.

தலை தீபாவளி வந்தது. என் அப்பா திருப்பாதிரிப்புலியூர் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். மோதிரம் போட அவர் எங்கே போவார்? 'மாப்பிள்ளைக்கு ஒரு பெல்ட் போதும்' என்று கார்டு எழுதினேன். எப்படிப்பட்ட பெல்ட் என்று எழுதவில்லை. இடுப்பில் அரைஞாண் கயிற்றைத் தவிர வேறெதையும் கட்டியறியாத மனிதரிடம் அப்படி மொட்டையாகச் சொன்னது என் புத்தி.

தீபாவளிக்கு முதல்நாள் ஊருக்குப் போய் அட்டைப் பெட்டியைத் திறந்தால், சிங்கம். பிடரியும் பல்லுமாகப் பளபளவென்று என்னை முறைத்தது.

"ஏம்ப்பா, ஒங்களுக்கு வேற கெடைக்கலியா?" என்றேன். அப்பா துண்டு முனையால் சிங்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கு வேறு கவலை. புதுத்துணியெல்லாம் சாமி முன்னால் வைத்து, மஞ்சள் தடவித்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "தோலக் கொண்டாந்து சாமிகிட்ட வப்பாங்களா?" என்று நின்றுவிட்டாள். மாப்பிள்ளைக்கு எடுத்த ஒன்றை மட்டும் எப்படி வெளியே வைப்பது என்று அப்பா யோசித்தார். அரிவாள்மணை முனையால் திருகாணியைக் கழற்றி, பக்கிளை மட்டும் தனியே எடுத்தார். தோலை ஆணியில் மாட்டிவிட்டார். தாம்பாளத்தில் பேன்ட், சட்டைக்கு மேலே சிங்கம் உட்கார்ந்தது. அம்மா அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். விடிந்ததும் அப்பா திரும்ப அதைத் தோலில் பூட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

என் கணவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் சட்டையை வெளியே விட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க அப்படியே இருந்தார். சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். அப்பாவின் கண் ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையின் இடுப்புக்குப் போய்த் திரும்பும். வாய்விட்டுக் கேட்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு மறைத்தவர் மேல் கோபம், இதைப் போய் வாங்கியவர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் கார்டு எழுதிய என் மேல் கோபம்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு அப்பா முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் வர நேரமிருந்தது. தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒங்களுக்குப் புடிக்கலன்னு தெரியுது மாப்ள. இங்க மூணு கட பாத்தேன். முதுநகர் வரைக்கும் நடந்து போயி அங்கயும் பாத்தேன். பெரிய பெரிய கழுகா வச்சிருக்கான். இருந்ததுலயே சின்னது இந்தச் சிங்கந்தான்."

முந்தாநாள் நான் கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில்.

என் கணவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அத்தனை பேர் நிற்கிற பிளாட்பாரத்தில், சட்டையை நிதானமாகப் பேன்ட்டுக்குள் விட்டுச் சரிசெய்துகொண்டார்.

"ஆபீஸுக்கும் இப்படித்தான் போவேன், மாமா," என்றார்.

அப்பா டின்னை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரயில் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். சிங்கத்தின் பிடரி இடுக்கில் மஞ்சள் அப்படியே ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாம் என்று முந்தானையை எடுத்தேன்.

"அது இருக்கட்டும்," என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.