அழகுக்குப் போட்ட நாலாவது பம்பு

போன மாசம் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். கோலம் போட்டுத்தான்!

சிரிக்காதீர்கள். அந்தக் கோலத்தால் எங்கள் நூம்பலில் ஒரு தெருவுக்கே தண்ணீர் பம்பு வராமல் போக இருந்தது.

எங்கள் ஊரில் மாதர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆரம்பித்து வைத்தது கொரட்டூரில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம். அங்கிருந்து கல்பனா என்கிற பெண் வாரம் ஒரு நாள் வருவாள். வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வருவாள். அன்றைக்கு வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ஊருக்கு ஒரு கைப்பம்பு போடப் போறாங்கம்மா. எங்கே போடணும்னு நம்மளையே கேக்கறாங்க! ஊரோட மேப்பை நீங்களே தரையில கோலப்பொடியில போடுங்க. நான் சார்ட்ல வரைஞ்சு யூனியன் ஆபீஸ்ல குடுத்துடறேன்."

சர்க்கார் எங்களைக் கேட்கிறதா? இதற்கு முன்னால் யார் கேட்டார்கள்? லாரியில் சாமான் வரும். எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே பம்பை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி நட்டதில் ஒன்று என் வாசலுக்கு எதிரே இருக்கிறது. நான் மனு கொடுத்து வந்ததல்ல... எல்லாம் என் வேப்பமரத்தின் செல்வாக்கு.

"பெரீம்மா நல்லா கோலம் போடும்" என்று யாரோ சொல்ல, பொடி டப்பா என் கைக்கு வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. குனிந்து கோலம் போட வாய் எதற்கு?

போட்டேன். நடுவில் அம்மன் கோயில். சுற்றி நாலு தெரு. மூன்று தெருவில் மூன்று பம்பு. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மூலை மட்டும் மொட்டையாக நிற்கிறது. கை சும்மா இருக்குமா? அங்கேயும் ஒரு பம்பை வைத்தேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தென்னைமரம் வேறு. (நல்லவேளை, அதை யாரும் எண்ணவில்லை.)

சுற்றி நின்றவர்கள் "அடடா!" என்றார்கள். கல்பனா அப்படியே சார்ட்டில் இறக்கிக்கொண்டாள். அந்த மூலைப் பக்கம் அவள் போனதே இல்லை, பாவம். அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து பதில் வந்தது. நாலு தெருவிலும் பம்பு இருக்கிறதாம். புதுப் பம்பு பக்கத்து ஊருக்குப் போகிறதாம்!

அன்று சாயங்காலமே சரோஜா வந்துவிட்டாள். அந்த மொட்டை மூலைத் தெருவில் குடியிருப்பவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் என் வாசல் பம்புக்கு வந்து, வரிசையில் நின்று, தண்ணீரை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

"இன்னா பெரீம்மா, எங்க தெருவுல பம்பு கீதாமே! ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நான் பாட்டுக்கு தெனம் உன் வாசலுக்கு வந்துகினு கீறேன்."

"அழகுக்கு வச்சேன்டி..."

"அழகுக்கா? அப்டியே நாலு கொடம் தண்ணியும் வரஞ்சு குடு. எடுத்துகினு போறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு வாட்டி பஸ்ஸ உட்டுட்டேன் பெரீம்மா. இன்னொரு வாட்டி லேட்டானா ஊட்லயே இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். வேலை போச்சுன்னா புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?"

மறுநாள் கல்பனாவோடு யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த இன்ஜினியர் சார்ட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இது நாங்க போட்டதில்லம்மா. மக்களே போட்டது. மக்கள் பங்கேற்பு! நாங்க கை வைக்க முடியாது."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அந்த நாலாவது பம்பு நான் போட்டது சார். அழகுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மத்த மூணும்?"

"அது நீங்க போட்டது சார்."

முதலில் சிரித்தவர் பக்கத்து மேஜை கிளார்க்தான். இன்ஜினியருக்கும் அடக்க முடியவில்லை. "சரி, ஞாயித்துக்கிழமை நானே வரேன். என் முன்னால போடுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். சர்க்கார் கேட்பது நல்லதுதான். நடுவில் ஒரு சங்கம் இருப்பதும் நல்லது — இல்லாவிட்டால் வேப்பமரத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் கூட்டத்தை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? வாசலில் பம்பு இருப்பவள் வருவாள். இல்லாதவள் வேலைக்குப் போயிருப்பாள், அல்லது தண்ணீருக்குப் போயிருப்பாள். வந்தவளுக்கு ஊர் முழுக்க பம்பு இருக்கிற மாதிரிதான் தோன்றும்!

ஞாயிற்றுக்கிழமை. டப்பாவைச் சரோஜா வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோலம் வராது. கோழி கிளறின மாதிரி இருந்தது. என் வாசல் பம்பிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தாள்... அது பாட்டுக்குப் போகிறது. சாக்கடையைச் சுற்றுகிறது, செங்கல் சூளைக்குப் பின்னால் நுழைகிறது, முள்வேலியோரம் வளைகிறது. அப்பாடா என்றால் இன்னும் போகிறது.

"ஏம்மா, கோடு இவ்ளோ நீளமா?" என்றார் இன்ஜினியர்.

"நடந்து பாரு சார், தெரியும்."

அவர் கிளம்பினார். "சும்மா போனா இன்னா தெரியும்?" என்று ஒருத்தி நிறைகுடத்தை நீட்டினாள். மறுக்க வெட்கமோ என்னவோ, வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். செங்கல் சூளை வரைக்கும் கம்பீரம். முள்வேலி வரைக்கும் பெருமூச்சு. கடைசித் தெருவுக்கு வந்து சேர்ந்தது அரைக்குடம்தான். மீதி அவர் பேண்ட்டில்.

குடத்தை இறக்கி வைத்த இடத்திலேயே நின்று, "இங்கேயே போட்டுடலாம்" என்று எழுதிக்கொண்டார்.

சரோஜா ஒரு கை பொடியை அள்ளி அந்த இடத்தில் கொட்டினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். எல்லோரும் திரும்பி வந்ததும் நான் மட்டும் அவள் போட்ட மேப்பைக் குனிந்து பார்த்தேன். கோயில் இருக்கிறது. பம்பு இருக்கிறது. சாக்கடைகூட இருக்கிறது.

"சரோஜா, என் ஊட்டக் காணோமேடி?"

"கோடு நீட்டமா பூடுச்சு பெரீம்மா. உனக்கு எடம் பத்தல."